கபுக் கல்லும் சவுக்காரத்தின் வாலும்

அப்பா செத்த அன்றைக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கொழும்பிலிருந்து எஹலியகொடைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து த்ரீவீல் பிடித்துத் தோட்டத்துக்கு வந்து சேர்கிற வரைக்கும் நான் யோசித்ததெல்லாம் ஆய்வுகூடத்தில் பம்பை நிறுத்திவிட்டு வந்தேனா இல்லையா என்பதைத்தான். வெள்ளைக் கொடி கட்டியிருந்த பாதை முடக்கில் இறங்கினதும் பொம்பளைகள் ஓடி வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். நான் மரக்கட்டை மாதிரி நின்றேன். "பிள்ள அதிர்ச்சியில இருக்கு, விடுங்க" என்று யாரோ எனக்காகச் சமாதானம் சொன்னார்கள். அதிர்ச்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். நெஞ்சு அடைக்கிறது என்று மரத்தடியில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. அந்த நேரம் நான் கொழும்புப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், விரல் நீளக் கல் உருளைக்குள்ளிருந்து எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். பூமிக்கடியில் பாறையின் நுண்ணிய ஓட்டைகளில் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிற எண்ணெயை எந்த மாதிரியான சவுக்காரம் நன்றாகக் கிளப்பும் என்பதுதான் என் ஆய்வு. இந்த நாட்டில் எடுப்பதற்கு எண்ணெய் எங்கே இருக்கிறது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அதை என் மாமா கேட்டு, நான் பதில் சொல்லி, அவர் விழுந்து விழுந்து சிரித்து முடிந்துவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எஹலியகொட டவுனில் சில்லறைக் கடை வைத்திருக்கிறார். கல்யாணமோ சாவோ, எல்லாவற்றையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற ஆள். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒன்று கேட்டால் மூன்று கொண்டு வந்து இறக்குவார். இந்த விவகாரமே அங்கேதான் தொடங்கியது.

எங்கள் வீடு, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு மேலே, சரிவில் இருக்கிறது. தோட்டம் தந்த துண்டு நிலத்தில் அப்பா கட்டினது. குடிதண்ணீருக்கு எல்லாரும் கீழே, பணிய லயத்துப் பீலிக்குத்தான் போக வேண்டும். மலைக்குள்ளிருந்து ஊறி வருகிற தண்ணீரைக் குழாய் வைத்து விழவிட்டிருக்கிற இடம் அது. அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்த பிறகு குடத்தோடு அந்த ஏற்றத்தை ஏற முடியவில்லை. அப்பா காலையில் பால் வெட்டு முடிந்து, மத்தியானச் சோறு தின்றுவிட்டு, அலவாங்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்த் தோண்ட ஆரம்பித்தார். மேல் மண்ணைத் தாண்டினால் முழுக்கக் கபுக் கல். எங்கள் பக்கத்தில் வீடு கட்ட வெட்டியெடுக்கிற சிவப்புக் கல், பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும், வெயில் பட்டால் இறுகும், உள்ளே எப்போதும் ஈரமாக இருக்கும். அதைக் குடைந்து குடைந்து போய்த் தண்ணீர் கண்டார். பக்கத்து கிராமத்து பாஸ் ஒருவர், சிங்கள ஆள், மேசன் வேலைக்காரர், கிணற்றுக்கு வளையம் இறக்கி, சுற்றிவரச் சீமெந்து போட்டுக் கொடுத்தார். கிணறு முடிந்த நாளிலிருந்து அம்மா வேறு தண்ணீர் குடித்ததில்லை. என் அறைக்கு வந்து ஒரு நாள் தங்கினபோதும் போத்தலில் கிணற்றுத் தண்ணீரைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள்.

இனி டீசல் கதை. சாவு வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், எங்கள் பக்கம் மழைக்குக் கரண்ட் நிற்கும். மாமா டவுனிலிருந்து ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குக் கொண்டு வந்தார். கூடவே பெரிய பிளாஸ்டிக் பீப்பாவில் டீசல். அந்த ஜெனரேட்டருக்கு அதில் கால்வாசி கூடத் தேவைப்பட்டிருக்காது. எண்ணெய் வரிசையில் நின்று வெயில் காய்ந்த காலத்துக்குப் பிறகு எங்கள் ஆட்களுக்கு டீசல் கிடைத்தால் நிறைத்து வைக்காமல் தூக்கம் வராது. மாமாவுக்கு அந்த வியாதி கொஞ்சம் அதிகம். சத்தம் பிணத்துக்குப் பக்கத்தில் கேட்கக்கூடாது என்று ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள். எங்கள் சரிவில் சமதரையாக இருக்கிற ஒரே இடம் கிணற்றடிச் சீமெந்துதான். அங்கே ஜெனரேட்டரை வைத்தார்கள். பீப்பாவை அதற்கு மேல்பக்கம், மண்ணில் நிறுத்தினார்கள். மழை பெய்து மண் இளகி, பீப்பா மெல்லச் சாய்ந்து, மூடி கழன்றிருக்கிறது. தப்புச் சத்தத்திலும் மழையிலும் அதை யார் கவனிப்பார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறபோது எல்லாருடைய கண்ணும் பெட்டியில் இருந்தது. பிறகு பார்த்தபோது பீப்பா வெறுமையாகக் கிடந்தது. "யாரோ ஊத்தி எடுத்துட்டுப் போயிட்டானுங்க" என்று மாமா கொஞ்சம் திட்டினார். அதோடு மறந்துவிட்டோம்.

அடக்கம் பண்ணின இடத்தில் பால் ஊற்றிவிட்டு வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றினாள். முதல் வாய் குடித்த சின்னம்மா முற்றத்தில் துப்பினாள். நான் கிணற்றில் எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே மயில் கழுத்து நிறத்தில் மெல்லிய படலம். டீசல் மூக்கில் ஏறியது. மண்ணுக்குள் இறங்கி, கபுக் கல்லின் ஓட்டைகளில் புகுந்து, ஊற்றோடு சேர்ந்து கசிந்து வருகிறது என்று எனக்குப் பார்த்த உடனே விளங்கியது. விளங்கினதே தவிர மனசில் ஒன்றும் அசையவில்லை. வேறு யாரோ வீட்டுக் கிணறு மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். அவளுடைய முகத்தை நான் பார்க்கவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"பாப்பா, அவருக்கு நீர்மாலை எடுத்தது இந்தக் கிணத்துத் தண்ணி. கருமாதிச் சோறும் இந்தத் தண்ணியிலதான் வேகணும். அவரு எனக்குன்னு செஞ்சு குடுத்தது இது ஒண்ணுதான். அதுக்குள்ள சரி பண்ணிக் குடு."

"பாக்கிறேம்மா" என்றேன். கருமாதிக்கு இன்னும் இரண்டு கிழமை கூட இல்லை. அம்மா அதற்கு முன்னால் என்னிடம் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான் பல்கலைக்கழகம் போகும்போது கூட "போயிட்டு வா" என்று மட்டும்தான் சொன்னாள்.

நான் யோசித்து முடிப்பதற்குள் மாமா வேலையைத் தொடங்கிவிட்டார். டீசல் அவருடையது, பீப்பா அவர் நிறுத்தினது. மனுஷன் குன்றிப் போயிருந்தார். அடுத்த நாள் விடிந்ததும் கடையிலிருந்து வோஷிங் பவுடர் மூட்டையே கொண்டு வந்து, பீப்பா சாய்ந்த இடத்தில் கொட்டி, பீலியிலிருந்து தண்ணீர் சுமக்கவைத்து ஊற்றிக் கழுவினார். நான் எழும்பி வந்து "மாமா, நிறுத்துங்க" என்பதற்குள் மூட்டை காலி.

"எண்ணெய்ப் பிசுக்குக்குச் சவுக்காரம் போடாம வேற என்னத்தப் போடுறது?" என்றார்.

சரியான கேள்விதான். நான் வருஷக்கணக்காகச் செய்கிற வேலையும் அதுவேதான். மாமா அதை ஒரே காலையில், ஒரு மூட்டையில் செய்துவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். மத்தியானம் கிணற்றில் எட்டிப் பார்த்தால் முந்தின நாளைவிட டீசல் கூடியிருந்தது, மேலே நுரை வேறு. மாமா படியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். "மச்சானுக்கு நல்லது செய்யப் போயி இப்படி ஆயிருச்சே" என்று அழுதார். அவர் அழுகிறதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு என்ன சொல்ல.

என்ன நடந்தது என்று அம்மாவுக்கும் மாமாவுக்கும் சொல்ல வேண்டி வந்தது. ஒரு சவுக்காரத் துணிக்கையை எடுத்துக்கொண்டால் அதற்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு என்றேன். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். ஆகையால் அது தண்ணீரிலும் நிலைக்காது, எண்ணெயிலும் நிலைக்காது, இரண்டும் சந்திக்கிற எல்லையில் போய் நிற்கும். கல்லுக்குள் இருக்கிற ஓட்டைகள் சின்னச் சின்ன அறைகள் மாதிரி. அறைக்கும் அறைக்கும் இடையில் ஒடுங்கின கழுத்து. எண்ணெய்த் துளி அறைக்குள் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். கழுத்து வழியாக வெளியே வர அது தன்னை நெளித்து ஒடுக்க வேண்டும். அதன் தோல் இறுக்கமாக இருப்பதால் முடியாது. சவுக்காரம் எல்லையில் நின்று அந்தத் தோலைத் தளர்த்துகிறது. போதுமான அளவு தளர்ந்தால் துளி நீண்டு, கழுத்துக்குள் நுழைந்து, தண்ணீரோடு வந்துவிடும். மாமாவின் பவுடர் கொஞ்சத்தைத் தளர்த்தி கிணற்றுக்குள் அனுப்பிவிட்டது. மிச்சத்தை அதனால் அசைக்க முடியவில்லை.

"அப்ப இன்னும் கொஞ்சம் நல்ல பவுடரா போட்டா?" என்றார் மாமா.

நான் அவரைப் பார்த்தேன். மாமா மூட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

ஆனால் அவர் கேட்டதும் சரியான கேள்விதான், அதுதான் கொடுமை. எந்தப் பவுடர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வால் கட்டையாக இருந்தால் அது தண்ணீரோடு போய்விடும், எண்ணெயைத் திரும்பியும் பார்க்காது. வால் மிக நீளமாக இருந்தால் எண்ணெய்க்குள்ளேயே மூழ்கிவிடும். எண்ணெய்க்குத் தகுந்த நீளம் வேண்டும். நேரான வால்கள் பெட்டிக்குள் அடுக்கின தீக்குச்சி மாதிரி நெருக்கமாகச் சேர்ந்து, கூழ் மாதிரி இறுகி, ஓட்டையையே அடைத்துவிடும். வாலில் கிளை இருந்தால் அப்படி அடுக்க முடியாது, இளகிய திரவமாகவே ஓடும். தலையிலும் விஷயம் இருக்கிறது. வோஷிங் பவுடரின் தலையில் மறை ஏற்றம், அதாவது மைனஸ் மின்னேற்றம். எங்கள் கபுக் கல்லில் இரும்பு, சிவப்பாக இருப்பது அதனால்தான். எங்கள் மண்ணின் புளிப்புக்கு அந்த இரும்பு நேர் ஏற்றம், அதாவது பிளஸ், எடுத்துக்கொள்ளும். பவுடரின் பாதி எண்ணெயைத் தேடிப் போகாமல் கல்லைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிடும். பிறகு மாதக்கணக்காகக் கசிந்து நுரைக்கும். இதெல்லாம் நான் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய விஷயங்கள். சொல்லும்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்பாவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சொல்லத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் ஒரு நாள் கொழும்புக்குப் போய் வந்தேன். ஆய்வுகூடத்தில் என் கைக்குக் கீழே சில போத்தல்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகை வால். சேரிடம், அதாவது என் ஆய்வை மேற்பார்வை செய்கிறவரிடம், விஷயத்தைச் சொன்னேன். கிணறு என்றதும் அவர் முகம் மாறியது.

"கல்லில் சோதித்துப் பார். கிணற்றில் ஊற்றாதே" என்றார்.

"ஏன் சேர்?"

"எண்ணெய்க் கிணற்றில் நமக்கு வேண்டியது எண்ணெய். தண்ணி குப்பை. உங்கள் வீட்டில் அது தலைகீழ்."

எனக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் போத்தல்களைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அம்மா கேட்டிருக்கிறாள் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்காமல் இருக்க அந்தப் பை எனக்கு உதவியாக இருந்தது.

கிணற்று வாயின் மேல்பக்கம், டீசல் ஊறியிருந்த இடத்தில், அப்பாவின் அலவாங்கால் கபுக் கல் துண்டுகள் சிலவற்றைப் பெயர்த்தெடுத்தேன். சோடாப் போத்தல்களின் அடியை வெட்டி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை இறுக்கி வைத்து, சுற்றி மெழுகு ஊற்றி அடைத்தேன். மேலிருந்து சவுக்காரம் கரைத்த மருந்துத் தண்ணீரை மெல்ல விட்டால் அது கல்லுக்குள் நுழைந்து கீழே சொட்ட வேண்டும். ஆய்வுகூடத்தில் இதற்குப் பம்பு, உருக்குக் குழாய் என்று ஏகப்பட்ட சாமான் உண்டு. இங்கே கொய்யா மரக் கிளையும் கயிறும். அம்மா பழைய பலகைக் கட்டையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்கள். பாஸும் வந்தார். கிணற்றைப் பார்த்து "அபராதே, துவே" என்றார். அநியாயம் மகளே என்று அர்த்தம். அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் அவர் அதையேதான் சொன்னார்.

மாமாவின் பவுடர் விட்ட போத்தலில் கொஞ்சம் நுரையும் சிவப்புத் தண்ணீரும் சொட்டி நின்றது. நேர் வால் விட்டதில் முதலில் இரண்டு சொட்டு வந்தது, பிறகு கல்லுக்கு மேலே கஞ்சி மாதிரி திரண்டு, வழி அடைபட்டு, எதுவுமே இறங்கவில்லை. கட்டை வால் விட்டதில் விட்ட தண்ணீர் விட்டபடியே வந்தது. கடைசியாகக் கிளை வால். அதன் தலைக்கும் வாலுக்கும் நடுவில் ஒரு சங்கிலி இணைத்திருக்கும், கல்லோடு அவ்வளவாக ஒட்டாது. முதலில் ஒன்றுமில்லை. அம்மா எழும்பப் போனாள். அப்போது கல்லின் அடியிலிருந்து பழுப்பு நூல் ஒன்று தொங்கியது. அறுந்து விழாமல் நூலாகவே இறங்கிக் கீழே வைத்திருந்த கிளாசில் சேர்ந்தது. டீசல்.

"வருது பாரு" என்றாள் அம்மா. "வருது பாப்பா. உங்கப்பா கல்லுலருந்து வருது."

அம்மாவின் முகத்தில் சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். சாவு வீட்டில் சிரிக்கக்கூடாது என்று சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வருஷக்கணக்காக நான் உருளைகளில் தேடினது அந்தப் பழுப்பு நூலைத்தான்.

மருந்துத் தண்ணீரும் டீசலுமாகக் கிளாஸ் நிரம்பி வழிந்தது. வழிந்தது மண்ணில் ஓடி, சரிவில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே பணிய லயத்துப் பக்கம் போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா கிணறு தோண்டின நாட்களில் பீலித் தண்ணீர் சிவந்து வந்தது. பணிய லயத்தார் ஏறி வந்து சண்டை பிடித்தார்கள். ஊற்று ஒன்றுதான். எங்கள் கிணறு மேலே, பீலி கீழே. இப்போது டீசல் கல்லுக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. அது மாட்டிக்கொண்டு கிடக்கிற வரைக்கும்தான் பீலி நல்ல தண்ணீர். எல்லாவற்றையும் நான் தளர்த்திவிட்டால் பாதி கிணற்றுக்கு வரும், மற்றப் பாதி எங்கே போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு நல்ல சவுக்காரமும் முழுதையும் எடுக்காது என்பதும் தெரியும். எப்போதும் கொஞ்சம் உள்ளே இருந்துவிடும். மருந்து கலந்த தண்ணீரும் குடிக்க உதவாது. எப்படிப் பார்த்தாலும் கருமாதிச் சோற்றுக்கு இந்தத் தண்ணீர் இல்லை.

நான் கீழே பீலிக்கு இறங்கிப் போனேன். சாயந்தரம், வரிசையாகக் குடங்கள். கையை ஏந்திக் குடித்தேன். நல்ல தண்ணீர், ஒரு மணமும் இல்லை. "வீட்டுல அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்கள். "இருக்காங்க" என்றேன். ஒரு பொம்பளை தன் குடத்தை நகர்த்தி, "நீ முந்திப் பிடிச்சிட்டுப் போ பிள்ள, துக்க வீடு" என்றாள். நான் குடம் கொண்டு போகவில்லை.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"கிணத்துக்கு மருந்து ஊத்த ஏலாதும்மா. ஊத்துனா பீலிக்குப் போயிரும்."

"நீதான கல்லுலருந்து எடுத்துக் காட்டுன?"

"எடுத்தது வேற. அது கையளவு கல்லு. இது மலை."

"பீலிக்குப் போகும்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"போகாதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது."

அம்மா, "ஒரு குடம் தண்ணி எடுத்துக் குடுக்க ஏலாத படிப்பு என்ன படிப்பு?" என்றாள். சத்தம் போடவில்லை, சோறு போடட்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். எனக்கு அந்த வார்த்தை உள்ளே போய் எங்கேயோ விழுந்தது, விழுந்த இடம் தெரியவில்லை. போத்தல்களைத் திரும்பத் துணியில் சுற்றி வைத்தேன். அன்றையிலிருந்து கருமாதி வரைக்கும் அம்மா என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். உப்பு எங்கே, விளக்குக்கு எண்ணெய் ஊற்று, அவ்வளவுதான். நான் நாள் முழுக்கக் கிணற்றடியில் உட்கார்ந்து, கிணற்று மேல்பக்கத்து டீசல் ஊறின மண்ணை வெட்டியெடுத்து மாமா கொண்டு வந்த தார்ப்பாயில் கட்டினேன். அது ஒன்றுதான் செய்யக்கூடியதாக இருந்தது. மாமாவும் வந்து வெட்டினார். ஒரு வார்த்தை பேசாமல் வெட்டினார், அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கருமாதி அன்று பீலித் தண்ணீரில்தான் சமையல். பணிய லயத்துப் பொடியன்கள் ஏறி இறங்கிச் சுமந்து தந்தார்கள். பெரிய சட்டிகளில் சோறு வெந்துகொண்டிருந்தது. சடங்கு செய்கிறவர் கற்பூரம், எள்ளு, வாழையிலை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவின் தாலியைக் கழற்றினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு இந்தச் சடங்கைக் கண்டால் எப்போதும் கோபம் வரும். புருஷன் போன துக்கம் போதாது என்று சபையில் உட்காரவைத்து உரித்தெடுக்கிறது. ஆனால் அன்றைக்குக் கோபமும் வரவில்லை. நடக்கிறது நடக்கட்டும் என்று இருந்தது.

அடுத்து அம்மாவைத் தலைக்குக் குளிக்கவார்க்க வேண்டும். சின்னம்மாவும் மற்றப் பொம்பளைகளும் முற்றத்தில் பீலித் தண்ணீரை அண்டாவில் நிறைத்து வைத்திருந்தார்கள். அம்மா எழும்பினாள். அண்டாவைத் தாண்டி நடந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய், கிணற்றடிச் சீமெந்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அது டீசல் தண்ணி" என்றார் மாமா.

"குடிக்கத்தான் ஏலாதுன்னா. தலைக்கு ஊத்த ஏலாதுன்னு அவ சொல்லலையே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு தடவை ஊற்றினால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் ஊற்றியிருப்பேன். வாளியைக் கிணற்றில் விட்டேன். படலம் விலகி வாளி மூழ்கியது. இழுத்து, கண்ணை மூடச் சொல்லி, அம்மாவின் உச்சியில் ஊற்றினேன். பிறகும் இழுத்தேன், பிறகும் ஊற்றினேன். வெள்ளைச் சேலையெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியது. பொம்பளைகள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள், அழுகையா மணமா தெரியவில்லை. அம்மா போதும் என்று சொல்லவில்லை. கை வலித்த பிறகுதான் நிறுத்தினேன்.

உள்ளே கூட்டி வந்து சேலை மாற்றி, தலையைத் துவட்டினேன். துவாய் முழுக்க டீசல் மணம். முடி பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. நான் ஷெம்பு பெக்கட் ஒன்றைக் கிழித்து உள்ளங்கையில் ஊற்றினேன். பீலித் தண்ணீர் வாளியைப் பக்கத்தில் இழுத்தேன்.

"குனிங்கம்மா. ஒரு தடவ அலசினா எல்லாம் போயிரும். முடியில இருந்து லேசாப் போயிரும்."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு பலம் அந்தக் கைக்கு.

"வேணாம். கழுவிராத."

"மணக்குதும்மா."

"மணக்கட்டும். அவரு போயிட்டாரு பாப்பா. அவரு வெட்டுன தண்ணி இன்னைக்கி ஒரு நாளாச்சும் எம்மேல இருக்கட்டும்."

அவர் போய்விட்டார் என்று எனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருந்தார்கள். ஃபோனில் சொன்னார்கள், முடக்கில் கட்டிப்பிடித்துச் சொன்னார்கள், தமிழில் சொன்னார்கள், சிங்களத்தில் சொன்னார்கள். அம்மா சொன்னது அப்போதுதான். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா இல்லை, இனிமேல் இந்த வாழ்க்கையில் எனக்கு அப்பா கிடையாது என்று அந்தத் தரையில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அம்மாவின் ஈரத் தலையில் முகத்தை வைத்து அழுதேன், டீசல் கண்ணிலும் வாயிலும் பட்டுக் காந்தியது. அம்மா ஷெம்பு வழிந்த என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே மாமா, சோறு ஆறுது, இலை போடுங்க என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.